நீச்சல் பழக எங்கே: பொதுக் குளமா, விடுதிக் குளமா, ஊர்க்குளமா?

அக்கா மகனுக்கு நீச்சல் பழக்க நாகர்கோவிலைச் சுற்றி மூன்று இடங்களைப் பார்த்தோம். கட்டணம் வாங்கும் பொது நீச்சல் குளம் ஒன்று, கன்னியாகுமரிப் பக்கம் ஒரு விடுதியின் உப்புநீர்க் குளம், பிறகு எங்கள் ஊர்க்குளம்.

பொதுக் குளத்தில் சேர்ந்த பத்தாம் நாள் அவன் சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, உரியத் தொடங்கியது. சேற்றுப்புண். வயலில் நிற்பவர்களுக்கு வருவது ஓடு பதித்த குளத்தில் எப்படி வந்தது என்று அக்கா தண்ணீரைத் திட்டினாள். நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஷவருக்கு முன்னால் ஒரு தேங்காய் நார் மிதியடி கிடந்தது. ஓரத்தைத் தூக்கினால் அடிப்பக்கம் கறுத்து வழுவழுத்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் வெறுங்காலோடு அதை மிதித்துத்தான் போகிறார்கள். குளத்தில் இருக்கும் குளோரின் அந்த நாருக்குள் எட்டிப்பார்ப்பதில்லை. சேற்றுப்புண்ணுக்குக் காரணமான பூஞ்சை, உதிர்ந்த தோல் செதிலோடு ஈரத் தரையில் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

தண்ணீரிலும் ஒரு கணக்கு உண்டு. லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின், நீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 7.2 முதல் 7.8 வரை. பிஎச் 8.5 ஆகிவிட்டால் குளோரினில் பத்தில் ஒரு பங்குதான் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் மிஞ்சும். பாக்டீரியாவை விடப் பூஞ்சை வித்து குளோரினைத் தாங்கும் என்பதால் இந்தச் சறுக்கல் சின்னதல்ல. மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' அடித்தால் மருந்து அதிகம் என்று நம்பிவிடாதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து எழும் வாடை அது. நம் வெயில் வேறு, மூடாத குளத்துக் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும்.

விடுதிக் குளத்தில் 'குளோரினே கிடையாது, உப்புதான்' என்றார்கள். அது பாதி உண்மை. லிட்டருக்குச் சுமார் 3 கிராம் உப்பைப் போட்டு, மின்சாரத்தால் அதிலிருந்தே குளோரின் எடுக்கிறார்கள். கண் எரிச்சல் குறைவு, நடைபாதை காய்ந்திருந்தது. மூன்றிலும் சுத்தம் இதுதான். கட்டணம் கேட்டதும் திரும்பிவிட்டோம்.

ஊர்க்குளத்துக்குக் கட்டணம் இல்லை. பாதியைத் தாமரை மூடியிருக்கிறது, தோவாளைச் சந்தைக்குப் போகும் பூ. மீதியில் நான் பழகினேன். ஆனால் மழை வழித்துக் கொண்டுவரும் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி வரலாம். பக்கத்துக் கேரளத்தில் 2024இல் தேங்கிய நன்னீரில் குளித்த சிறுவர்களை மூக்கு வழியே ஏறும் அமீபா மூளைக்காய்ச்சல் கொன்றதைப் படித்த பிறகு, மூக்கில் நீரேற முக்குளிக்கும் பையனை அங்கே இறக்க எனக்குத் துணிவில்லை.

ஆகவே பொதுக் குளத்துக்கே திரும்பினோம், கூட்டம் சேரும் முன் காலை முதல் வேளைக்கு. குளத்தின் விளிம்பு வரை செருப்பு. வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கைத் துடைத்து, மருத்துவர் கொடுத்த களிம்பு. மிதியடியைப் பற்றிச் சொன்னபோது காவலாளி சிரித்தார். மறுவாரம் போனால் அதை மதிலின் மேல் வெயிலில் காயப் போட்டிருந்தார்.