மூன்று மணி வரை தாங்கும் காலைச் சாப்பாடு: வடசென்னையிலிருந்து ஒரு அனுபவம்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பத்து மணிக்குக் கடை திறந்தால் நின்றுகொண்டே இருக்கும் வேலை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் பிரிவிலும் ஸ்டூல் இருக்கிறது. ஆனால் தீபாவளிக் கூட்டத்திலும் முகூர்த்த மாதங்களிலும் அதில் உட்கார நேரம் ஏது? மதியச் சாப்பாட்டுக்கு முறை வர மூன்று மணி ஆகிவிடும். அதனால் காலை ஒன்பது மணிக்குச் சாப்பிடுவது ஆறு மணி நேரம் தாங்கியாக வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்துக் காலையில் சாப்பிட ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளில் எது பசி தாங்கியது, எது தாங்கவில்லை என்று சொல்கிறேன்.

மாறியதற்குக் காரணம் ரத்தப் பரிசோதனைதான். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், முதலில் காலைச் சாப்பாட்டை மாற்றுங்கள் என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் காலை என்றால் இட்லி, தோசை, பொங்கல், உப்புமா. சுற்றிச் சுற்றி அரிசியும் ரவையும்தான். ஒரு இட்லியில் ஏறக்குறைய பத்து கிராம் மாவுச்சத்து இருக்கும். நான்கு சாப்பிட்டால் நாற்பது. அது சீக்கிரம் செரித்துச் சர்க்கரையாக ஏறும், ஏறிய வேகத்தில் இறங்கும். பதினொன்றரை மணிக்குக் கை நடுங்குவது போல இருக்கும், டீயும் பிஸ்கட்டும் தேடும். அந்த பிஸ்கட் மறுபடியும் மாவும் சர்க்கரையும். புரதமும் கொழுப்பும் நார்ச்சத்தும் சேர்ந்த சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாக இறங்குவதால் பசி தள்ளிப்போகிறது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2025-ல் சொன்னது. எங்கள் தெருவில் கேட்டால் அதற்கு மேலும் வரும் என்பது என் எண்ணம்.

இந்த வகைச் சாப்பாட்டைப் பற்றிப் படித்தால் அவகாடோ, சீஸ், பாதாம் மாவு என்று போகும். தண்டையார்பேட்டையில் மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது தினப்படிக்கு ஆகாது. எனக்கு வழி காட்டியது எங்கள் பக்கத்துச் சமையலே. வடசென்னையில் தொட்டுக்கொள்ளச் செய்வதெல்லாம் முட்டை, மீன், கறி, கடலை, கீரை. அந்தத் தொட்டுக்கொள்வதைத் தட்டு நிறைய வைத்துக்கொண்டு, இட்லியை ஒன்றாகக் குறைத்தேன். பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் அதே குழம்பு, அதே சட்னி. தனியாக எனக்கென்று ஒரு அடுப்பு எரிய வேண்டியதில்லை. இத்தனை நாள் விடாமல் நடக்க இதுதான் முக்கியக் காரணம்.

முதலிடம் பர்மா முட்டை மசாலாவுக்கு. பீச் ஸ்டேஷன் பக்கம் செகண்ட் லைன் பீச்சில் சாயங்காலம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைகளில் சாப்பிட்டிருப்பீர்கள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. அவித்த முட்டையை நடுவில் கீறி, பொன்னிறமாகப் பொரித்த வெங்காயத்தை அடைத்து, பூண்டு எண்ணெய், கொஞ்சம் புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு விட்டுத் தருவார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. நான் மூன்று முட்டை எடுத்துக்கொள்கிறேன். கூடவே நூடுல்ஸ் போடாத அத்தோ: முட்டைகோஸை மெல்லிசாக நறுக்கி உப்புப் போட்டுப் பிசைந்து இரண்டு நிமிஷம் வைத்தால் துவண்டுவிடும். அதில் பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், இடித்த காய்ந்த மிளகாய், வறுத்த கடலைமாவு ஒரு ஸ்பூன், கொத்தமல்லித்தழை. கையால் பிசைய வேண்டும், கரண்டியால் கிளறினால் அந்த ருசி வராது. நூடுல்ஸ் இல்லை என்ற குறையே தெரியாது. அத்தோவின் உயிர் அந்தப் பூண்டு எண்ணெயிலும் புளியிலும்தான் இருக்கிறது. இதைச் சாப்பிட்டுப் போன நாளில் இரண்டரை மணி வரை சாப்பாட்டு நினைப்பே வருவதில்லை. வீட்டில் முதல் நாளே வாழைத்தண்டு சூப் வைத்திருந்தால் ஒரு டம்ளர் சூடாகக் குடிப்பேன்.

அடுத்தது மீன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேட்டுக்குப் போனால் வாரத்துக்கு வேண்டியது கிடைக்கும். நெத்திலி, மத்தி, காரப்பொடி என்று சின்ன மீன்களாக வாங்குவேன். வஞ்சிரம், வவ்வால் விலைக்குக் காலைச் சாப்பாடு கட்டாது. நெத்திலியை மண்டை கிள்ளி, அலசி, மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிட்டால், காலையில் தோசைக்கல்லில் பத்து நிமிஷ வேலை. மத்தியில் நல்ல கொழுப்பு உண்டு, விலையும் கையைக் கடிக்காது. வீடு முழுக்க வாசனை அடிக்கும், அது உண்மை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுறாப்புட்டு பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நான் வழக்கமாக வாங்கும் அக்கா, பால் சுறா வந்தால் தூரத்திலிருந்தே குரல் கொடுப்பார்: “எம்மா, புட்டுக்கு எட்த்துனு போ, சின்னதா வந்துக்குது!” துண்டுகளை மஞ்சள் போட்டு வேகவைத்தால் ஐந்தாறு நிமிஷத்தில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான தோல் கையோடு உரிந்து வரும். நடுமுள்ளை எடுத்துவிட்டு உதிர்த்து, தண்ணீரை நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். பிழியாமல் போட்டால் புட்டு குழைந்துவிடும். மீன் எவ்வளவோ அதே அளவு சின்ன வெங்காயம், நிறைய பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, உதிர்த்த மீனைக் கொட்டி அடுப்பைக் குறைத்துக் கிளறினால் உதிரி உதிரியாக வரும். கடைசியில் மிளகுத்தூள். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் வயிறு நிறைந்து நிற்கும். ஆனால் இதை அடிக்கடி செய்வதில்லை. சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேரும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தவிர்ப்பது நல்லது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு என்று நம் வீடுகளில் காலம் காலமாகக் கொடுப்பது தெரியும். இருந்தாலும் என் தங்கைக்கு நான் நெத்திலிதான் கொடுத்தேன்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாத 61 நாள். மீன் வரத்து குறையும், விலை ஏறும். அப்போது கருவாட்டுக்கு மாறிவிடுவேன். நெத்திலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை இறக்கி, கத்தரிக்காயோடு தொக்கு. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு இது சரிப்படாது.

சைவ நாள்களில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது, புரட்டாசியில் சனிக்கிழமையும் சேர்ந்துகொள்ளும். சவுகார்பேட்டையில் பால்காரர்கள் அன்றன்று போடும் பனீர் பாக்கெட் பனீரைவிட மென்மையாக இருக்கும். அதை உதிர்த்து, குடைமிளகாய், வெங்காயத்தோடு பொரியலாகச் செய்தால் முட்டைப்பொரியல் சாப்பிட்ட மாதிரியே இருக்கும். பச்சைப்பயறு அடையும் உண்டு. பயறில் நூறு கிராமுக்கு 22 கிராமுக்கு மேல் புரதம் இருந்தாலும் மாவுச்சத்தும் நிறையவே இருக்கிறது, அதனால் ஒரு அடையோடு நிறுத்தி முருங்கைக்கீரைப் பொரியலும் தேங்காய்ச் சட்னியும் கூட்டிக்கொள்வேன். அவித்த வேர்க்கடலை ஒரு கிண்ணம், வெள்ளரிக்காய், கெட்டி மோர்: அவசர நாளுக்கு இது போதும். சோயா உருண்டைக் குழம்பு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு உப்பும்.

கேழ்வரகு, கம்பு, தினை சாப்பிட்டால் மாவுச்சத்து குறைந்துவிடும் என்று கடையில் கூட வேலை பார்க்கும் பெண்கள் சொல்வார்கள். சிறுதானியத்தில் நார்ச்சத்தும் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் அதிகம், அதற்காகச் சாப்பிடலாம். ஆனால் நூறு கிராமில் அறுபது கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். ஓட்ஸும் அப்படியே. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை, அன்றைக்கு அது பிரசாதம். தினம் காலையில் கூழ் என்றால் என் கணக்கு தப்பிவிடும். அப்புறம் காலிஃபிளவர் உப்புமா: சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்தில் பசித்தது, புரதம் இல்லையே. பக்கத்தில் இரண்டு முட்டை இருந்தால்தான் அது சாப்பாடு.

முதல் வாரம் தலைவலியும் சோர்வும் இருந்தது. உப்புப் போட்ட மோர் குடித்ததும் தெளிந்தது. மலச்சிக்கலுக்குக் கீரையும் தண்ணீரும் கூட்ட வேண்டும். அத்தைக்குத்தான் மனசே ஆறவில்லை. “இப்டி நாலு வாய் துன்னுட்டுப் போனா எப்டிம்மா நிப்ப?” என்று தினம் கேட்பார்கள். பதினொன்றரை மணி டீயும் பிஸ்கட்டும் நின்றுபோனதைப் பார்த்த பிறகு, இப்போது அவர்களே எனக்கு வெங்காயம் பொரித்து வைக்கிறார்கள். சராசரிச் சர்க்கரை 5.8-க்கு இறங்கியிருக்கிறது. கொழுப்பு அளவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். சிலருக்கு இந்த முறையில் கெட்ட கொழுப்பு ஏறும்.

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்காதீர்கள். மருந்து அதே அளவில் இருந்து, சாப்பாட்டில் மாவு குறைந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் புரதத்தைத் தன்னிஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது.

தொடங்க நினைப்பவர்கள் முட்டை மசாலாவில் தொடங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை கிலோ பெரிய வெங்காயத்தை ஒரே சீராக மெல்லிசாக நறுக்கி, ஈரம் போக ஒரு துணியில் பரப்பி வையுங்கள். மிதமான தீயில் பொரியுங்கள். நிறம் மாறத் தொடங்கியதுமே எடுத்துவிட வேண்டும், வெளியே எடுத்த பிறகும் கறுத்துக்கொண்டே வரும். ஆறியதும் இறுக்கமான டப்பாவில் போட்டால் வாரம் முழுக்க மொறுமொறுப்பு போகாது. அதே எண்ணெயில் பத்துப் பல் பூண்டைத் தட்டிப் போட்டுச் சிவக்க விட்டு வடிகட்டினால் பூண்டு எண்ணெய் தயார். அதை மட்டும் வெளியே வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், பூண்டு ஊறிய எண்ணெய் வெளியில் இருந்தால் விஷமாகிவிடும் ஆபத்து உண்டு. மீதி எல்லாம் காலையில் முட்டை அவியும் நேரத்தில் முடிந்துவிடும்.