ஒரே கதை: ஓசூர் டிஸ்க்கில் ஒருமுறை, தருமபுரி பஸ்ஸில் ஒருமுறை

காவேரிப்பட்டணத்திலிருந்து தருமபுரிக்குக் காலை பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். உட்கார இடம் கிடைத்தால் ஒரு எபிசோட் முழுதாக முடியும். நின்றுகொண்டு போனால் ஒரு கை கம்பியில், ஒரு கை போனில், பாதிதான் ஆகும். கல்லூரியில் சேர்ந்த இந்த இரண்டு வருடத்தில் நான் பார்த்த சீரிஸ் எல்லாமே இந்த பஸ்ஸில் பார்த்தவை. கேம் விளையாடுவது வேறு கணக்கு. அண்ணன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியான பிஎஸ்4, பழையது ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு அதைத் துணி சுற்றிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவான். சனிக்கிழமை ராத்திரி தொடங்கினால் ஞாயிறு சாயந்திரம் அவன் பஸ் ஏறும் வரை எனக்கு அதுதான் உலகம்.

அதனால்தான் வகுப்பில் யாராவது "கேம் ஆடுறதா, சீரிஸ் பாக்குறதா, எதுக்கு நேரம் செலவு பண்ணலாம்?" என்று கேட்டால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரே கதையை இரண்டு வழியிலும் அனுபவித்திருக்கிறேன். பையன்கள் மதிய இடைவேளையில் போனில் கூட்டமாக ஆடும் துப்பாக்கிச் சண்டை கேமான பிஜிஎம்ஐ இந்த ஒப்பீட்டுக்குள் வராது. அதில் தோழமை இருக்கிறது, வேகம் இருக்கிறது, கதை இல்லை. நான் பேசுவது கதையைப் பற்றி.

முதலில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'. 2013-இல் நாட்டி டாக் நிறுவனம் பிஎஸ்3-க்காக வெளியிட்ட கேம் இது. அடுத்த வருடமே பிஎஸ்4-க்கு மெருகேற்றிய பதிப்பு வந்தது. அண்ணனிடம் இருப்பது அந்த டிஸ்க். 2023 ஜனவரியில் அமெரிக்க டிவி நிறுவனமான ஹெச்பிஓ இதை 9 எபிசோட் தொடராக எடுத்தது. கேமை எழுதி இயக்கியவர்களில் ஒருவரான நீல் ட்ரக்மேனே கிரேக் மேசினுடன் சேர்ந்து தொடரையும் உருவாக்கினார். ஆக, கேம் தெரியாத யாரோ வந்து கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. கதை தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு வரைக்கும் பேசப்போகிறேன்.

ஒரு வகைப் பூஞ்சை மனித மூளையைப் பிடித்துக்கொண்டு உலகம் சரிகிறது. மகள் சாராவைப் பறிகொடுத்த ஜோயல், இருபது வருடம் கழித்து, நோய் தொற்றாத எல்லி என்ற சிறுமியை அமெரிக்காவின் குறுக்கே அழைத்துப் போகிறான். கேமில் நோய் பரவுவது 2013-இல், தொடரில் 2003-இல். தொடக்கமே இரண்டிலும் வேறு மாதிரி. கேமில் நாம்தான் சாரா. இருட்டு வீட்டில் அறை அறையாக அப்பாவைத் தேடி நடக்கிறோம். அந்தப் பெண்ணைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அவள் கால்கள் நம் கையில் இருக்கின்றன. சில நிமிடத்தில் அவள் சாகும்போது, இத்தனை நேரம் நான் நடத்திக்கொண்டு வந்தவள் இனி நடக்கமாட்டாள் என்றுதான் முதலில் உறைத்தது. தொடர் அந்த ஒரு நாள் முழுக்க அவளோடு இருக்கிறது. அப்பாவின் பிறந்தநாளுக்கு அவர் கைக்கடிகாரத்தைக் கடையில் கொடுத்து சரிசெய்கிறாள், பக்கத்து வீட்டில் போய் உட்காருகிறாள், பள்ளிக்குப் போகிறாள். நமக்கு அவளைத் தெரிந்த பிறகு அவள் போகிறாள். தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் தொடர் ஒரு படி மேல். பஸ்ஸில் நான் அழுததைப் பார்த்து பக்கத்தில் இருந்த அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மூன்றாவது எபிசோட் இன்னும் பெரிய வித்தியாசம். கேமில் பில் என்பவன் ஊர் முழுக்கப் பொறி வைத்துக்கொண்டு தனியாக வாழும் சிடுமூஞ்சி. அவனோடு இருந்த ஃபிராங்க் பிரிந்து போய்த் தூக்கில் தொங்கிக் கிடக்கிறான், வெறுப்பைக் கொட்டி ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு. நாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சுடுகிறோம், ஓடுகிறோம். பரபரப்பான பகுதிதான். தொடரில் அதே இரண்டு பேரும் அந்த வேலிக்குள் பல வருடம் சேர்ந்து வாழ்கிறார்கள். ஸ்ட்ராபெர்ரி வளர்க்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், வயதாகிறார்கள், ஒன்றாகவே சாகிறார்கள். இதைக் கேமால் செய்திருக்க முடியாது. ஆடுபவர் கையில் ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு பேர் சும்மா வாழ்வதற்கு எந்தப் பட்டனை அழுத்துவது?

இவ்வளவு சொல்லியும், இந்தக் கதைக்கு நான் கையைத் தூக்குவது கேமுக்குத்தான். காரணம், அவர்கள் ஒட்டகச்சிவிங்கியைப் பார்ப்பதற்குச் சற்று முன்னால் வரும் ஓர் இடம். கேமில் உயரமான சுவர் வரும் இடமெல்லாம் ஜோயல் சுவரோரம் நிற்பான், நாம் பட்டனை அழுத்துவோம், எல்லி ஓடி வந்து அவன் கைமேல் கால் வைத்து ஏறுவாள், மேலேயிருந்து ஏணியை இறக்குவாள். மணிக்கணக்கில் ஆடி ஆடி, அது கைக்குத் தன்னால் வரும் வேலையாகிவிடும். குளிர்காலப் பகுதியில் எல்லிக்கு மிகக் கொடுமையான ஒன்று நடக்கிறது. அதற்குப் பிறகு வசந்தம். சுவரோரம் நிற்கிறேன், பட்டனை அழுத்துகிறேன், எல்லி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் எங்கோ வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, சோக இசை போடவில்லை. என் விரல் எதிர்பார்த்த ஒன்று நடக்கவில்லை, அவ்வளவுதான். அவளுக்குள் என்ன உடைந்துவிட்டது என்று என் விரலுக்குத் தெரிந்தது. தொடரில் எல்லியாக நடித்த பெல்லா ராம்சே முகத்தில் அதைக் கொண்டுவருகிறார், நன்றாகவே செய்கிறார். ஆனால் அது பார்த்துத் தெரிந்துகொண்ட சோகம்.

கடைசி ஆஸ்பத்திரிக் காட்சியும் அப்படித்தான். எல்லியின் மூளையிலிருந்து மருந்து எடுக்க வேண்டும், எடுத்தால் அவள் சாவாள். ஜோயல் உள்ளே புகுந்து எல்லோரையும் கொல்கிறான். தொடரில் சத்தத்தை அடக்கி, மேலே இசையை ஓடவிட்டு, அவன் நடந்து போவதைக் காட்டுகிறார்கள். எனக்கு அவனைப் பார்த்துப் பயம் வந்தது. கேமில் அறுவை அறைக் கதவைத் திறந்ததும் டாக்டர் கத்தியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் நின்றேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஒன்றும் செய்யாமல் நின்றேன். கேம் நகரவில்லை. அவரைக் கொல்லாமல் கதை போகாது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அழுத்தினேன். ஜோயல் செய்தது சரியா தப்பா என்று நெட்டில் யார் யாரோ பேசுகிறார்கள். என்னால் அதை வெளியே நின்று பேச முடியவில்லை.

செலவுக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும், நம் ஊரில் முடிவெடுப்பது பெரும்பாலும் அதுதான். இந்த கேமின் கணினிப் பதிப்புக்கு 100 ஜிபி இடம் வேண்டும். என் போன் டேட்டா பேக்கில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. வேறெதையும் தொடாமல் அவ்வளவையும் இறக்குவதென்றால் 67 நாள். டிஸ்க் என்பதால்தான் எங்களுக்குச் சாத்தியமானது. ஒருவர் ஆடி முடித்து விற்பதை அடுத்தவர் வாங்கலாம், முடித்துவிட்டு நாமும் கொடுத்துவிடலாம். தொடருக்கு ஒரு போனும் பஸ் சீட்டும் போதும்.

'ஆர்கேன்' அனிமேஷன் தொடர் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அதன் மூலமான 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' 2009-இல் வந்த, ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் கணினி விளையாட்டு. வை, ஜிங்ஸ் என்ற அக்கா தங்கையின் கதை அந்த மோதலுக்குள் தெரியாது. பிரான்சின் ஃபோர்டிச் ஸ்டூடியோ தீட்டிய தொடரில்தான் அவர்கள் மனுஷிகளாகிறார்கள். 2021-இல் 9 எபிசோட், 2024-இல் 9 எபிசோட், முடிந்தது. தொடரை மட்டும் பாருங்கள், கேம் தெரியாவிட்டாலும் ஒன்றும் குறையாது. எனக்கும் ஒரு அக்கா இருந்திருந்தால் பார்த்திருக்கவே முடியாது என்று தோன்றியது.

'ஃபால்அவுட்' வேறு மாதிரி. 1997-இல் தொடங்கிய கேம் வரிசை. 2024 ஏப்ரலில் அமேசான் பிரைமில் வந்த தொடர் எந்த ஒரு கேமின் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. அணுகுண்டு போரில் அழிந்த அதே உலகத்தில் புது ஆட்கள். நான் தொடரை ரசித்தேன். ஆனால் அண்ணன் 'ஃபால்அவுட் 4' ஆடியதைப் பார்த்தபோது இரண்டும் இரண்டு பொருள் என்று புரிந்தது. அதில் கடத்தப்பட்ட மகனைத் தேடிப் போக வேண்டும். அண்ணனோ வாரக்கணக்கில் ஓர் ஊரைக் கட்டி, வேலி போட்டு, தண்ணீர் பம்பு வைத்து, ஜனங்களைக் குடியேற்றிக்கொண்டிருந்தான். கம்பெனியில் ஒரே மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவனுக்கு அந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். தொடர் அதைக் கொடுக்காது.

இதெல்லாம் வெளியூர்க் கதை. நம் வாழ்க்கை என்று வரும்போது எது மேல்? நான் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது 'சுழல்' தொடரையும் 'வெண்பா' கேமையும். ஒரே கதை இல்லைதான், ஆனாலும் இரண்டும் நம்முடையவை.

'சுழல்' முதல் சீசன் 2022 ஜூனில் வந்தது. புஷ்கர்-காயத்ரி உருவாக்கம், பிரம்மாவும் அனுசரணும் இயக்கம், 8 எபிசோட். மலையூர் ஒன்றில் சிமெண்ட் ஆலை எரிகிறது, தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போகிறாள். பின்னணியில் மயானக் கொள்ளைத் திருவிழா. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! மாசி மாதம், சிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசை சமயத்தில், காவேரிப்பட்டணமே அங்காளம்மனுக்காக வெளியே நிற்கும். காளி வேஷம் கட்டியவர்கள் வருவார்கள், பறை அதிரும், கூட்டத்தோடு கூட்டமாகச் சுடுகாடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடும். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்து, ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறேன். தொடரில் அந்தத் திருவிழா ரொம்ப அழகாக இருக்கிறது. என் குறையே அதுதான். வண்ணம் இருக்கிறது, புழுதி இல்லை. மஞ்சளும் வியர்வையும் கலந்த அந்த வாசனையும், கூட்டம் நெருக்கும்போது மூச்சு முட்டுவதும் அதில் இல்லை.

ஆனால் சந்தேகத்தைக் கையாள்வதில் 'சுழல்' கில்லாடி. எபிசோடுக்கு ஒருவர் மேல் சந்தேகம் விழுகிறது. கேமாக இருந்தால் நானே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்டிருப்பேன். கேட்க வழியில்லாமல், பஸ் குண்டல்பட்டியைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிடுமா என்று தவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அதன் சுகம். கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் பார்த்திபனும் பேசாமல் இருக்கும் நேரத்தில்கூட எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்ற வைக்கிறார்கள்.

'வெண்பா' 2023 ஜூலை கடைசியில் வந்த சின்ன கேம். கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் சிறந்த அறிமுக கேமாகத் தேர்வானது. அண்ணனின் நண்பர் மடிக்கணினியில் ஆடினேன், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. 1988-இல் கனடா போய்க் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. சமைக்க வேண்டும். அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன படியை நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

இட்லித் தட்டை அடுக்கும் இடத்தில் நான் தப்பு செய்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எங்கள் அம்மா பின்னாலிருந்து, "தட்ட மாத்தி வெய்யி பாப்பா, நேரா வெச்சா ஆவி எப்பிடி மேல போவும்?" என்றார். மாற்றி வைத்தேன், வெந்தது. அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை கேம் என்றாலே "கண்ணு போயிடும்" என்பவர், புட்டுக் குழலில் எதை முதலில் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். வளர வளர கவின் தமிழில் பேசக் கூச்சப்படும் இடத்தில் மட்டும் பேச்சு நின்றுபோனது.

முடிந்ததும், "களி கிண்டுறது இதுல வரலயா?" என்று கேட்டார். வரவில்லை. வந்திருந்தால் கேம் செய்தவர்களுக்கு அது பெரிய சவாலாக இருந்திருக்கும். நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, கிண்டாமல் பொறுத்திருந்து, மாவு வெந்த நேரம் பார்த்து இறக்கி, கால்களால் பானையை அணைத்துப் பிடித்துக்கொண்டு கட்டையால் கிண்ட வேண்டும். எப்போது வெந்தது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை, அம்மாவின் மூக்குக்குத்தான் தெரியும்.

நம் வாழ்க்கையைச் சொல்வதில் என் ஓட்டு 'வெண்பா'வுக்கு. 'சுழல்' எங்கள் திருவிழாவை எனக்குக் காட்டியது. 'வெண்பா' எங்கள் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தது.

இப்போது மறுபடி முதல் கதைக்கு வருகிறேன், இந்த மாதச் சிக்கல் அதில்தான். இரண்டாம் பாகக் கேம் 2020 ஜூனில் பிஎஸ்4-க்கு வந்தது. தொடரின் இரண்டாம் சீசன் 2025 ஏப்ரலில், 7 எபிசோட். நான் சீசனை முதலில் பார்த்துவிட்டேன், அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில் நான் கொன்ற அந்த டாக்டருக்கு ஒரு மகள் இருக்கிறாள். பெயர் ஆபி. அவள் வந்து ஜோயலைக் கொல்கிறாள். ஏன் கொன்றாள் என்பதைத் தொடர் முதல் எபிசோட் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கேமில் அந்த உண்மை பாதி தூரம் போன பிறகுதான் தெரியவருமாம். அதுவரை அவளை வெறுத்துக்கொண்டே ஆட வேண்டும். தெரிந்த பிறகு, நாம் கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரை கேம் ஆபியிடம் கொடுத்துவிடுகிறது. எல்லியாக ஆடிய அதே மூன்று நாளை ஆபியாக ஆட வேண்டும். தொடரோ ஆபியின் முதல் நாள் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த சீசன் வரை காத்திருக்கச் சொல்கிறது.

அதனால் செமஸ்டர் லீவுக்கு அந்த டிஸ்க்கையே கேட்டிருக்கிறேன். அண்ணன் ஏற்கெனவே நண்பர் ரூமில் ஆடி முடித்தவன். "வாங்கியாறேன். ஆனா ஆபியா ஆடற எடம் வந்தா கன்ட்ரோலர என் கையில குடுக்கக்கூடாது, பாப்பா. நீதான் முடிக்கணும்" என்றான். சரி என்று சொல்லியிருக்கிறேன்.