பாரத் கிருஹ ரக்ஷா: வடசென்னை வீட்டுக்கு இந்த வெள்ளக் காப்பீடு தாங்குமா?

ஐப்பசி பிறந்தால் வியாசர்பாடி, பட்டாளம், புளியந்தோப்புத் தெருக்களில் கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைப்பது பழகிப்போன வேலை. அங்கிருந்து எண்ணூர் வரை வீடு வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய காப்பீடு 'பாரத் கிருஹ ரக்ஷா'. காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ வகுத்த இந்தப் பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் விற்பனையில் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றே. அதனால் பிரீமியத்தையும், கிளெய்ம் வந்தால் அந்த நிறுவனம் எப்படிக் கவனிக்கிறது என்பதையும் ஒப்பிட்டாலே போதும். பிரீமியத்தோடு 18% ஜிஎஸ்டி உண்டு. 2025இல் வந்த வரிவிலக்கு தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்குத்தான்.

புயல், வெள்ளம், சுனாமி மூன்றும் அடிப்படைப் பாலிசியிலேயே அடக்கம். வெள்ளத்துக்கென்று தனியாக ஒன்றை ஏஜென்ட் தலையில் கட்டப் பார்த்தால் ஏன் என்று கேளுங்கள். தண்ணீர் ஏறியதால் வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போனவர்களுக்கு இன்னொரு நன்மை: அந்தச் சேதத்தைத் தொடர்ந்து 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கும் பணம் உண்டு. வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வீட்டு வாடகையும் கிடைக்கும்.

காப்பீட்டுத் தொகையைத்தான் பலரும் தப்பாகப் போடுகிறார்கள். மனை விலை இதில் சேராது. திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டுமே கணக்கு. 600 சதுர அடி கார்பெட் ஏரியா (சுவர்களுக்குள் புழங்கும் தரைப்பரப்பு), கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 13.2 லட்சம். மதில், செப்டிக் டேங்க் போன்றவற்றை அதற்கு மேல் சேர்க்க வேண்டும். வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20% தானாகவே கிடைக்கும். உச்சவரம்பு 10 லட்சம். இந்த வீட்டுக்கு அது 2.64 லட்சம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மர பீரோ, தையல் மெஷின் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். போதாவிட்டால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். நகை தனி, கேட்டு வாங்கினால்தான் உண்டு. வீட்டு வண்டியும் இதில் வராது.

வங்கிக் கடனோடு வந்த பாலிசியை நம்பி இருப்பவர்கள் அதை எடுத்துப் படித்துவிடுங்கள். பல வீடுகளில் அது கடன் தொகை அளவுக்கே இருக்கும். வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். ஓலை, தார்ப்பாய்க் கூரையை 'கச்சா கட்டுமானம்' என்பார்கள், விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.

இனி, நம் பக்கத்து ஆட்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஓட்டைகள். கடல் அரிப்புக்கு இந்தப் பாலிசி பணம் தராது. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர்க் கரையோரக் குப்பங்களில் அலை மண்ணை அரித்துச் சுவர் இறங்கினால், 'நிலம் அமிழ்தல்' பிரிவில் அரிப்பு விலக்கப்பட்டிருக்கிறது என்று கைவிரிப்பார்கள். ஏரி, பள்ளம் தூர்த்த மனையில் தரை இறங்குவதற்கும் அதே கதி. கடற்கரையை ஒட்டிய வீட்டுக்கு இது பெரிய குறை. விற்கிறவர்கள் இதை முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கத்து வீடுகளில் எண்ணெய்க் கழிவும் ஏறியது நினைவிருக்கும். மாசு பொதுவாக விலக்குதான், ஆனால் காப்பீடு செய்த நிகழ்வால் வந்த மாசு விலக்கில் இல்லை. எனவே கிளெய்மில் 'எண்ணெய் படிந்தது' என்று மட்டும் எழுதாமல், வெள்ளம் எந்த நாள் புகுந்தது, எத்தனை அடி, எண்ணெய் அதோடு வந்தது என்று அதே வரிசையில் எழுதுங்கள்.

நனைந்த ஃபிரிட்ஜ், மோட்டார், இன்வெர்ட்டரை 'ஓடுதா பார்ப்போம்' என்று போட்டுவிடக் கூடாது. ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்த இயந்திரத்துக்கு இந்தப் பாலிசியில் பணம் இல்லை. வெள்ளத்தில் கெட்ட பொருளை நாமே ஸ்விட்ச் போட்டு எரிந்த பொருளாக்கிவிடுவோம். மெயினை அணைத்து, சர்வீஸ் ஆளை வரவழைத்து, 'நீர் புகுந்ததால் பழுது' என்று எழுதி வாங்குங்கள்.

மொட்டை மாடிக் கசிவு, வருஷக்கணக்கில் சுவரில் ஏறும் ஓதம் இவற்றுக்குப் பணம் எதிர்பார்க்காதீர்கள். அவை நாள்பட்ட பழுது. கழிவறை வழியாகச் சாக்கடை எதிர்த்து வந்தால், தெருவிலும் தண்ணீர் நின்ற படத்தை எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் குழாய் அடைப்பு என்று தட்டிக்கழிக்க வழி கிடைத்துவிடும்.

தண்ணீர் வடிந்ததும் கழுவித் தள்ளுவதுதான் நம் கை செய்யும் முதல் வேலை. அதற்கு முன் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, கிளெய்ம் எண் வாங்குங்கள். சுவரில் நீர்க்கோடு பக்கத்தில் அளவு டேப் வைத்து, அறை அறையாகப் படம் எடுங்கள். ஒவ்வொரு சாதனத்தின் மாடல், சீரியல் எண் ஒட்டியிருக்கும் இடத்தையும் எடுங்கள். மெத்தை நாறத்தான் செய்யும்; தூக்கிப்போட வேண்டியிருந்தால் படமும் மின்னஞ்சலும் அனுப்பிவிட்டு எறியுங்கள். கிளெய்ம் படிவம் 30 நாளுக்குள் போக வேண்டும். பில் இருந்தால் நல்லது. பில்லும் ஆதாரும் பாலிசியும் மொபைலில் மட்டும் அல்லாமல் மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

ஐஆர்டிஏஐயின் 2024 விதிப்படி தகவல் கொடுத்த 24 மணி நேரத்தில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் நியமனம், 15 நாளில் அறிக்கை, அது வந்த 7 நாளில் நிறுவனத்தின் முடிவு. சர்வேயர் குறைத்துப் போட்டால் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, எந்தப் பொருளுக்கு எவ்வளவு வெட்டினார் என்று எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். முதல் புகார் நிறுவனத்துக்கே போக வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். ஐஆர்டிஏஐயின் உதவி எண் 155255.

கரையை ஒட்டி இல்லாத பெரம்பூர், கொளத்தூர், மணலி வீடுகளுக்குத் தயங்காமல் வாங்கலாம். புரட்டாசி முடிவதற்குள் எடுத்துவிடுங்கள்.