மாங்கொட்டை, உண்ணிக் காய்ச்சல், மூன்று வருட பிரீமியம்: எங்கள் நாய்க்கு இன்சூரன்ஸ் எடுத்த கணக்கு

எங்கள் பொன்னிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. மஞ்சள் லாப்ரடார், 31 கிலோ. நங்கநல்லூரில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் அம்மா, நான், அவள் என்று மூன்று பேர். மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுவது என் வேலை. அந்தப் பழக்கத்தில் பொன்னி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஆன ஒவ்வொரு செலவுக்கும் பில் ஒரு ஃபைலில் இருக்கிறது. நாய்க்கு இன்சூரன்ஸ் எடுப்பது பிரயோஜனமா, தண்டச் செலவா என்று சாயங்கால வாக்கிங்கில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2023 ஜூன் 10ஆம் தேதி பாலிசி எடுத்தோம். அப்போது அவளுக்கு நான்கு மாதம். முதல் வருட பிரீமியம் 3,000, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 3,540 ரூபாய். இரண்டாம் வருடம் 4,012. மூன்றாம் வருடம் 4,484. மூன்று வருடத்தில் மொத்தம் 12,036 ரூபாய். சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் சேர்த்து வருடத்துக்கு 60,000 வரை கொடுப்பார்கள். எந்த பில் கொடுத்தாலும் பத்து சதவீதம் நம் கையிலிருந்து.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் விசாரித்த மூன்று கம்பெனிகளின் பாலிசிகளும் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான். தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடை ஆபரேஷன், பல் சுத்தம் செய்வது எதற்கும் பணம் வராது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்கு வராது. தடுப்பூசி போடாமல் விட்டு பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி தொற்று நோய் வந்தால் வராது. ஆரம்பத்தில் சில வாரம் காத்திருப்புக் காலம் உண்டு. பூனைக்கு என்று கேட்டபோது மூன்று இடத்திலும் இல்லை என்றார்கள்.

முதல் வருடம் ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கும்படி எதுவும் நடக்காதது நல்லதுதான்.

இரண்டாம் வருடம், 2024 அக்டோபரில், பொன்னி சாப்பாட்டை விட்டுவிட்டாள். தட்டு வைக்கிற சத்தம் கேட்டாலே ஓடி வருகிறவள், சோபாவுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு படுத்தே கிடந்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்துப் போயிருந்தது. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 38,000. குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல். சென்னையில் நாய் வளர்க்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்வார்கள். இந்த ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் உண்ணி வருடம் முழுக்கப் பெருகும், சுவர் விரிசலுக்குள் போய் முட்டையிடும். நாயை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள், கூடவே மூன்று நாள் டிரிப்ஸ். காலையில் கிளினிக்கில் விட்டு ராத்திரி வீட்டுக்குக் கூட்டி வருவோம். செலவு 11,850 ரூபாய்.

கிளெய்ம் போட்டேன். நிராகரித்தார்கள். தொடர்ந்து 24 மணி நேரம் அட்மிஷனில் இருந்தால்தான் பணம். பகலில் டிரிப்ஸ் ஏற்றி ராத்திரி வீட்டுக்கு அனுப்பினால் அது வெளிநோயாளி சிகிச்சையாம். வெளிநோயாளி செலவுக்குத் தனி ரைடர், அதாவது கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கிற கவர், எடுத்திருக்க வேண்டுமாம். பாலிசி எடுத்த அன்று ஏஜென்ட் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எல்லாமே கவர் ஆயிடும் மேடம், நீங்க கவலையே படாதீங்க." பத்திரத்தின் ஏழாம் பக்கத்தில் அந்த விதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த ஊரில் நாய்க்கு அடிக்கடி வருகிற வியாதி உண்ணிக் காய்ச்சல்தான், அதற்குப் பெரும்பாலும் இப்படித்தான் வைத்தியம் பார்க்கிறார்கள். அதைச் சென்னைக்காரர்களுக்கு பாலிசி விற்கிறவர்கள் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டாமா? எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிற உண்ணி மாத்திரையை அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. உண்ணிக் காய்ச்சல் விஷயத்தில் பாலிசியைவிட அந்த மாத்திரையைத்தான் நம்புகிறேன்.

இனி மாங்கொட்டை.

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. அம்மா பங்கனபள்ளி இரண்டு நறுக்கினாள். குப்பைக் கூடையில் போட எடுத்தபோது தட்டில் ஒரு கொட்டைதான் இருந்தது. "இன்னொண்ணு எங்கடி?" என்று என்னைக் கேட்டாள். பொன்னி வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலடியில் நின்றிருந்தாள். அன்று ராத்திரியே வாந்தி தொடங்கியது. மறுநாள் தண்ணீர்கூடத் தங்கவில்லை. வியாழக்கிழமை காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். மாங்கொட்டை எலும்பு மாதிரி எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியாது, குடலில் காற்று அடைத்து வீங்கியிருப்பதுதான் தெரிந்தது. ஸ்கேன் பண்ணிய பிறகுதான் கொட்டை சிறுகுடலில் சிக்கியிருப்பது உறுதியானது. சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆபரேஷன். குடல் இன்னும் கறுக்கவில்லை, ஒருநாள் தள்ளியிருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். எடுத்த கொட்டையை ஒரு ஸ்டீல் டிரேயில் வைத்துக் காட்டினார். நார்கூட உதிரவில்லை. அம்மா அதைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நான்தானே தட்டைக் கீழ வெச்சேன்" என்று அன்று ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று ராத்திரி அட்மிஷன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். பில் 46,300 ரூபாய்.

25ஆம் தேதி எல்லாக் காகிதத்தையும் ஏற்றினேன்: கிளெய்ம் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள், எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட், தடுப்பூசிப் புத்தகம், தையலோடு பொன்னியின் படம். ஜூலை 11ஆம் தேதி ஒரு கேள்வி வந்தது. சிகிச்சைச் சீட்டின்படி நோய் தொடங்கிய தேதி 2/7, அறுவைச் சிகிச்சை நடந்த தேதி 19/6, இந்த முரண்பாட்டுக்கு விளக்கம் தேவை.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சீட்டை எடுத்துப் பார்த்தேன். வாந்தி என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அதற்குப் பக்கத்தில் 2/7 என்று நிஜமாகவே இருந்தது. ஜூன் மாதச் சீட்டில் ஜூலை 2 எப்படி வரும்? நேராக டாக்டரிடம் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. சீட்டைப் பார்த்தவுடனே சொன்னார்: "அது தேதி இல்லம்மா. ஏழுக்கு மேல ரெண்டு போட்டா ரெண்டு நாளா இருக்குன்னு அர்த்தம். அம்பத்திரண்டுக்கு மேல போட்டா வாரம், பன்னிரண்டுக்கு மேல போட்டா மாசம். நாங்க படிச்ச காலத்துல இப்படித்தான் எழுதுவோம்." அதையே லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுத்தார். 14ஆம் தேதி அனுப்பினேன். இரண்டு வாரம் பதிலே இல்லை. கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

28ஆம் தேதி கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். இன்சூரன்ஸ் வைத்திருக்கிற எல்லோரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அலுவலகம் இங்கேயே, தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அங்கே போவேன் என்று புகாரிலேயே எழுதியிருந்தேன். ஆகஸ்ட் 22ஆம் தேதி பணம் வந்தது. பஞ்சு, கையுறை, சிரிஞ்சு வகையில் 4,300 கழித்தார்கள். மீதி 42,000இல் பத்து சதவீதம் போக 37,800 ரூபாய்.

அப்படியானால் லாபமா? மூன்று வருடத்தில் கட்டியது 12,036, வந்தது 37,800. கையில் நின்றது 25,764 ரூபாய். ஆனால் அந்த மாங்கொட்டையை எடுத்துவிட்டுப் பாருங்கள். பன்னிரண்டாயிரமும் போயிருக்கும், உண்ணிக் காய்ச்சல் செலவும் என் தலையில்தான். தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மாத்திரை என்று மூன்று வருடத்தில் ஆன 27,400 ரூபாய்க்கு எந்த பாலிசியும் உதவியிருக்காது. மாதாமாதம் ஆகிற செலவு குறையும் என்று நினைத்து எடுக்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரே ராத்திரியில் நாற்பது, ஐம்பதாயிரம் கேட்கிற ஆபரேஷனுக்குத்தான் இது.

வேப்பேரி அரசு கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. அங்கே உள்ள மருத்துவமனையில் தனியார் கிளினிக்கில் ஆவதில் ஒரு சிறு பங்குதான் கட்டணம். தையல் பிரித்த பிறகு மறு ஸ்கேனுக்கு அங்கேதான் போனேன். காலை ஏழரைக்கே வரிசை. ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர், கூண்டில் கிளியோடு ஒரு பையன். பேராசிரியர் பக்கத்தில் நிற்க மாணவர்கள் பொறுமையாகப் பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை கூடிவிட்டது. ஆனால் அந்த வியாழக்கிழமை, எழுந்து நிற்க முடியாத 31 கிலோ நாயை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிண்டி தாண்டி அண்ணா சாலை நெரிசலில் வேப்பேரி வரை போகிற தைரியம் எனக்கு வரவில்லை. வேப்பேரி, புரசைவாக்கம், சூளை பக்கம் குடியிருந்து, லீவு போட்டுக் காத்திருக்கவும் முடிகிறவர்களுக்கு பாலிசி அவசியமே இல்லை என்பேன்.

பாலிசியில் நான் முதலில் கவனிக்காத ஒரு பகுதி மூன்றாம் நபர் இழப்பீடு. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் மாதிரிப் பள்ளிச் சாலை மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று முதல் லிஃப்டில் பொன்னியோடு ஏறும்போதெல்லாம் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்கிறேன். அவள் யாரையும் கடித்ததில்லை. ஆனால் குஷியில் தாவி ஒரு வயதானவரைக் கீழே தள்ளிவிட்டால்கூட அவருடைய மருத்துவச் செலவு என் பொறுப்புதானே. அதை ஒரு வரம்பு வரை பாலிசி ஏற்கும். திருட்டுக்கும் பணம் உண்டு, எஃப்.ஐ.ஆர். வேண்டும். நாய் இறந்தால் வருகிற தொகை அதன் விலையைப் பொறுத்தது; தூய இனம் என்று காட்டும் கென்னல் கிளப் சான்றிதழ் இல்லாத பொன்னிக்கு அது மிகக் குறைவாகத்தான் போட்டிருக்கிறார்கள். அந்தப் பணத்தை நினைத்துப் பார்க்கவும் நான் விரும்பவில்லை.

நாயின் தோலுக்கு அடியில் மைக்ரோசிப் வைத்திருந்தால் பாலிசி வேலை சுலபம். நாயின் அடையாளத்தைப் பற்றிக் கேள்வியே வராது, 15 இலக்க எண்ணை எழுதினால் போதும். 2025 இறுதியில் மாநகராட்சியும் லைசென்ஸ், சிப் இரண்டையும் கட்டாயமாக்கி, லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று சொல்லிவிட்டதால் எப்படியும் வைத்துத்தான் ஆக வேண்டும்.

யார் எடுக்கலாம் என்று கேட்டால், லாப்ரடார் மாதிரி கண்டதையும் விழுங்குகிற குட்டியை வாங்கியிருக்கிறீர்கள், அவசரத்துக்கு ஐம்பதாயிரம் புரட்ட முடியாது என்றால், குட்டியாக இருக்கும்போதே எடுங்கள். எந்த வியாதியின் பெயரும் சீட்டில் ஏறுவதற்கு முன்னால். 24 மணி நேர விதி இருக்கிறதா, உண்ணிக் காய்ச்சலுக்கு என்ன வரம்பு, இடுப்பு மூட்டுக் கோளாறு மாதிரி பரம்பரைக் குறைகளுக்கு என்ன சொல்கிறார்கள் என்று ஏஜென்டிடம் வாயால் கேட்காமல் மெயிலில் எழுதி வாங்குங்கள்.

எதிர் ஃபிளாட் அக்காவின் நாட்டு நாய்க்கு எட்டு வயது. போன மாதம் என் ஃபைலைப் பார்த்துவிட்டு அவரும் விசாரித்தார். வயது தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நாய்ச் செலவுக்கு என்று போஸ்ட் ஆபீசில் மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி. சேமிப்பு போடலாமா என்றார். வேண்டாம் அக்கா, அதை மூன்று வருடத்துக்கு முன்னால் முடிக்க முடியாது, நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போவது நாள் பார்த்து வராது என்றேன். பாங்கில் மாதம் ஆயிரம் ரூபாய் ஆர்.டி. தொடங்கியிருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் உடைக்கலாம்.

பொன்னிக்கு இந்த ஜூன் 10ஆம் தேதி புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பேன், இந்த முறை வெளிநோயாளி ரைடரோடு. டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். போன வாரம் காதுக்கு மருந்து போடப் போனபோது சீட்டில் 'இரண்டு நாட்களாக' என்று முழுதாக எழுதி, எனக்குக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.