மிஞ்சிய தழையும் மூடி போட்ட சிலிக்கான் தட்டும்

சமையலுக்கு வேண்டியது நாலு தண்டு கொத்தமல்லி, கைக்கு வருவதோ ஒரு முழுக் கட்டு. மிச்சம் ஃப்ரிட்ஜின் காய்கறிப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். முதலில் வாடும், அப்புறம் மஞ்சளாகும், கடைசியில் கவருக்குள் வழவழவென்று கிடக்கும். புதினா, பார்ஸ்லி, பேசில், டில் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இதற்கு முடிவு கட்டுவதாகச் சொல்லிக்கொண்டு விற்பனைக்கு வரும் பொருள்களில் ஒன்று, மூடி போட்ட சிலிக்கான் ஐஸ் தட்டு. தழையை நறுக்கிக் குழிகளில் போட்டு, மேலே எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி, ஃப்ரீசரில் வைத்துக் கட்டி கட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டியது. என்னிடம் இருப்பது குழிக்கு 15 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு பிடிக்கிற வகை. நன்றாக அடிபட்டு உழைத்த தட்டு இது, அதனால் தாராளமாகவே அபிப்பிராயம் சொல்லலாம்.

தட்டு நல்ல தட்டுதான். அட்டைப்பெட்டியில் ‘பறித்த பசுமை மாறாமல்’ என்று போட்டிருக்கிறார்களே, அதைத்தான் நம்ப வேண்டாம். இலைக்குள் இருக்கும் தண்ணீர் உறையும்போது பனித்துகள்களாகி இலையின் செல் சுவர்களைக் கிழித்துவிடுகிறது. உருகியதும் இலை துவண்டுவிடும். எந்தத் தட்டில் வைத்தாலும், எவ்வளவு விலை உயர்ந்த ஃப்ரீசரில் வைத்தாலும் இதை மாற்ற முடியாது. ஆக, உறைந்த தழையை மேலே தூவி அழகு பார்க்க முடியாது. கொதிக்கிற குழம்பிலும் சூப்பிலும் சாஸிலும் மட்டும்தான் அதற்கு வேலை. மணம் மட்டும் கிடைத்தால் போதும், இலை போனால் போகட்டும் என்பவர்களுக்கே இந்தத் தட்டு.

முதலில் பொருளைப் பற்றி. சிலிக்கான் என்பதால் பின்பக்கம் விரலால் அழுத்தினால் கட்டி வெளியே வந்துவிடுகிறது. பிளாஸ்டிக் தட்டைப் போல முறுக்கவும் வேண்டாம், குழாய்த் தண்ணீரில் காட்டவும் வேண்டாம். இது பெரிய வசதி. அதே நெகிழ்வுதான் இதன் தொல்லையும். எண்ணெய் ஊற்றிய தட்டை ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் குழிந்து, பாதி எண்ணெய் மேடையில் கொட்டிவிடும். அடியில் கெட்டியான ஒரு தட்டையோ பலகையையோ வைத்துக்கொண்டுதான் ஊற்றவே தொடங்க வேண்டும். விளிம்பில் உலோகக் கம்பி வைத்த வகைகளும் உண்டு. வாங்குபவர்கள் அதைத் தேடுவது நல்லது.

மூடி பெயருக்குத்தான் மூடி. மேலே உட்கார்கிறது, இறுக மூடுவதில்லை. தட்டைச் சாய்த்தால் ஒழுகும். ஆனாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், ஃப்ரீசரில் இருக்கும் மீன் வாசம் தழைக்கு வராமல் கொஞ்சம் தடுக்கும். வாசம் என்றதும் சொல்ல வேண்டிய குறை: சிலிக்கான் எண்ணெயையும் மணத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டில் போட்ட தட்டில் பழச்சாறு ஐஸ் போட்டால் சாற்றில் டில் மணக்கும். சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் ஊறவைத்தால் குறைகிறது, முழுதாகப் போவதில்லை. இதைத் தழைக்கென்றே ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். குழியில் ஊற்ற வேண்டியது எண்ணெயா, தண்ணீரா? தட்டோடு வரும் கையேடு ‘இரண்டும் சரி’ என்று நழுவிவிடுகிறது. எனக்கு எண்ணெய்தான். தழையை நறுக்கியதும் வெட்டுப்பட்ட இடம் காற்று பட்டுக் கருக்கத் தொடங்கும். எண்ணெய் இலையை ஒட்டிக்கொண்டு காற்றைத் தள்ளிவைக்கிறது. மேலும், தழைகளின் மணப்பொருள்கள் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை. கட்டி உருகும்போது மணம் எண்ணெயோடு சேர்ந்தே சட்டிக்குள் இறங்கும். தண்ணீர்க் கட்டி சூப்புக்கு மட்டும் சரி. அதை மறந்துபோய் காய்ந்த எண்ணெயில் போட்டால் வெடித்துத் தெறிக்கும், முகத்தைக் கிட்டே வைத்திருந்தால் ஆபத்து. எண்ணெய்க் கட்டியிலும் இலையின் ஈரம் உறைந்து இருக்கிறது, அதனால் அதையும் சூடான சட்டியில் எறியாதீர்கள். அடுப்பு பற்றவைக்கும் முன் குளிர்ந்த சட்டியில் போட்டு, தீயைச் சிறிதாக வைத்து, அது மெல்ல இளகட்டும். ஓரம் உருகிப் பச்சையாகப் பரவும்போதே வெங்காயத்தைப் போட்டுவிடலாம்.

கட்டி நன்றாக வர எல்லாம் முன்வேலையில்தான் இருக்கிறது. தழையைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் கையில் ஒட்டாத வரை காயவிட வேண்டும். ஈரத்தோடு நறுக்கினால் கத்திக்குக் கீழே நசுங்கிப் பச்சைச் சாறு பலகையிலேயே தங்கிவிடும், குழியிலும் வெள்ளைப் பனி பூத்து நிற்கும். கூரான கத்தி, பொடியாக நறுக்கு, குழியில் முக்கால் வரை விரல் நுனியால் லேசாக அழுத்தி வை. அப்புறம் எண்ணெயை மெதுவாக ஊற்றினால் குமிழ் குமிழாகக் காற்று மேலே வரும். ஒரு நிமிஷம் விட்டுவிட்டு, எண்ணெய் இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம். இலை எதுவும் மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டுகிற இலைதான் முதலில் பழுப்பாகும். தண்ணீர் ஊற்றுபவர்கள் விளிம்பு வரை நிரப்பாதீர்கள். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், மூடி தூக்கிக்கொள்ளும். இறுகியதும் கட்டிகளைப் பைக்கு மாற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, தழையின் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். உறைந்த பின் பார்ஸ்லிக்கும் கொத்தமல்லிக்கும் வித்தியாசம் தெரியாது, மூன்று நாலு மாதம் போனால் மணமும் மங்கிவிடும்.

கையேட்டில் இல்லாத, இருந்தே ஆக வேண்டிய ஓர் எச்சரிக்கை. எண்ணெயில் போட்ட பச்சைத் தழையை ஃப்ரீசரில் வைக்கலாம், மேடையில் வைக்கக் கூடாது. காற்றில்லாத, அமிலமில்லாத, ஈரமுள்ள இடத்தில்தான் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரி நஞ்சு உண்டாக்கும். எண்ணெய்க்குள் கிடக்கும் பச்சை இலை அதற்குச் சரியாகப் பொருந்தி வருகிறது. கண்ணாடிப் புட்டியில் ரோஸ்மேரி கிளையும் பூண்டும் மிதக்க, ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகு, அவ்வளவுதான். உருகிய கட்டி மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

எந்தத் தழைக்கு இந்தத் தட்டு? பார்ஸ்லி முதலிடம், நிறமும் மணமும் இரண்டுமே ஓரளவு நிற்கிறது. டில்லும் அப்படியே. கொத்தமல்லி பாதி வெற்றி: அதன் மணம் சூட்டில் சட்டென்று பறந்துவிடும், ஆகவே கட்டியை அடுப்பை அணைக்கும் சமயத்தில் சேர்த்தால்தான் பலன். தண்டையும் சேர்த்து நறுக்குங்கள், இலையை விட அதில் மணம் குறைவில்லை. பேசிலைப் பச்சையாக உறையவைத்தால் கறுத்துப்போகும். கொதிநீரில் சில நொடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, பிழிந்து, எண்ணெயோடு அரைத்து ஊற்றினால் பச்சை நிற்கும். கருப்பாக்கும் நொதிகளை அந்தச் சூடு முடக்கிவிடுகிறது. பேசிலுக்கு ஃப்ரிட்ஜே ஆகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சுமார் 10 டிகிரிக்குக் கீழே இலையில் கரும்புள்ளி விழும். அதைத் தண்ணீர் டம்ளரில் நிறுத்தி வெளியிலேயே வையுங்கள்.

புதினா இந்தத் தட்டில் எனக்குப் பிடிக்கவே இல்லை. எண்ணெயில் அதன் குளிர்ச்சி எங்கோ அமுங்கிவிடுகிறது. புதினா மிஞ்சினால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கொதிக்கவைத்து, அணைத்து, இலையைப் போட்டு மூடி, ஆறியதும் வடித்துப் புட்டியில் வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாற்றில் ஒரு கரண்டி விட்டால் போதும். தைம், ரோஸ்மேரி, ஒரேகானோ, கறிவேப்பிலை ஆகியவற்றுக்குத் தட்டே வேண்டாம். இலையை அப்படியே பையில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். தைம், ரோஸ்மேரி, ஒரேகானோ மூன்றும் காயவைத்தாலும் மணம் நிற்கும் வகை. இரண்டு காகிதத் துண்டுகளுக்கு நடுவே பரப்பி, மைக்ரோவேவில் ஒரு நிமிஷம், பிறகு 20 நொடி 20 நொடியாக, நொறுங்கும் வரை. காய்ந்த பின் சமையலில் மூன்றில் ஒரு பங்குதான் போட வேண்டும்.

உண்மையில் தட்டை எடுக்கும் முன்பே தீர்த்துவிட முடிகிற தழைதான் அதிகம், இதைச் சொல்லாமல் மதிப்புரை எழுதுவது சரியில்லை. தழையை அலங்காரமாக நினைப்பதால்தான் அது மிஞ்சுகிறது. கீரை மாதிரி கைநிறைய போடுங்கள். மூன்று முட்டை ஆம்லெட்டில் ஒரு கோப்பை நறுக்கிய பார்ஸ்லியும் டில்லும் போட்டால் அதற்குப் பெயரே தழை ஆம்லெட். வேகவைத்த உருளைக்கிழங்கைச் சூட்டோடு வெண்ணெயில் பிரட்டி, மேலே ஒரு பிடி. கெட்டித் தயிரில் புதினாவும் உப்பும். சாலட்டில் இலைக்கோஸுக்குப் பதில் பாதி கொத்தமல்லி. வாடிய தழையானால் அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தினால் நிமிர்ந்துவிடும், வழவழப்பானதை மட்டும் தூக்கி எறியுங்கள். தண்டுகளுக்கு ஃப்ரீசரில் தனிப் பை ஒன்று; கேரட் நுனி, வெங்காயத் தோல் எல்லாம் அதில் சேரும், நிறைந்ததும் ஒரு பானைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால் சூப்புக்குச் சாறு தயார்.

இந்தத் தட்டுக்கு உண்மையான போட்டியாக நான் நினைப்பது தழை வெண்ணெய். 100 கிராம் இளகிய வெண்ணெய், மூன்று மேசைக்கரண்டி பொடியாக நறுக்கிய தழை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல். பிசைந்து, எண்ணெய்க் காகிதத்தில் உருளையாகச் சுருட்டி, இரண்டு முனையையும் முறுக்கி ஃப்ரீசரில் வைத்தால் வேண்டும்போது வில்லையாக வெட்டிக்கொள்ளலாம். தட்டும் வேண்டாம், கழுவும் வேலையும் இல்லை. ரொட்டியிலும் வறுத்த மீனிலும் எண்ணெய்க் கட்டி இதன் பக்கத்தில் வர முடியாது. எண்ணெய்க் கட்டி ஜெயிக்கும் இடம் தினசரி தாளிப்பும் சாஸும்தான், அங்கே வெண்ணெய் கருகிவிடும்.

வாங்குவதானால் 15 மில்லி குழியே எடுங்கள். 30 மில்லி என்றால் இரண்டு பேருக்கான சமையலில் எண்ணெய் அதிகமாகிவிடும், கட்டியைப் பாதியாக வெட்டவும் வராது. வெளிர் நிறத் தட்டாக இருந்தால் நல்லது. என்னுடையது கரும்பச்சை. பச்சைத் தழை, மஞ்சள் எண்ணெய், உள்ளே கரும்பச்சைக் குழி. எது நிரம்பியது, எது காலி என்று தெரிய டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.