உயிலா, செட்டில்மெண்டா, பாகப்பிரிவினையா?

கோபியிலோ பொள்ளாச்சியிலோ தோட்டத்தைப் பிள்ளைகள் பேருக்கு எழுதும் பேச்சு வந்தால், முதல் கேள்வி "எதுக்குங்க செலவு கம்மி?" என்பதுதான். செலவை மட்டும் பார்த்தால் உயில். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவுகூடக் கட்டாயமில்லை, இரண்டு சாட்சி போதும். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றித் தரும் பத்திரம், எழுத முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. தென்னந்தோப்பு விற்கிற விலைக்கு இதெல்லாம் ஒரு காசா? எழுதிய பிறகு பிடி யார் கையில் இருக்கும் என்று பாருங்கள்.

செட்டில்மெண்ட் பதிவானதும் சொத்து கைமாறிவிடும். மகன் அடமானம் வைக்க அப்பாவின் கையெழுத்து தேவையில்லை. மனசு மாறினால் அப்பா தன்னிச்சையாக ரத்து செய்யவும் முடியாது. மகன் பராமரிக்காவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் காட்டி, பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டுக் கோட்டாட்சியரிடம் போகலாம். ஆனால் 'எங்களைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் மனுவுக்கு வலு. அதோடு பெற்றோர் இருவருக்கும் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையையும் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு வரியைச் சேர்க்கச் சொன்னதற்கே மகன் முகம் சுளித்தால், சரி, உயில் எழுதிவிடுங்கள்.

உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். வம்பு வருவது இறந்த பிறகுதான். வழக்கானால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் வயதுச் சேக்காளியை விட்டுவிட்டு வயதில் இளையவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள். கட்டாயம் இல்லையென்றாலும் பதிவும் செய்துவிடுங்கள்.

பூர்வீகச் சொத்து என்றால் கதையே வேறு. உங்கள் பங்குக்கு மேல் உயில் செல்லாது, பாகப்பிரிவினைதான் வழி. "புள்ளைக்குத்தான் சீர் செஞ்சாச்சுங்களே" என்பது நம்மூர் வாதம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தமும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதற்கு இடம் தரவில்லை. மகளுக்கும் சமபங்கு உண்டு; தன் பங்கை விட்டுக்கொடுத்து அவள் மனசார விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால் அது வேறு.

எந்தப் பத்திரமானாலும் சொத்து விவரத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். 'கிணற்றில் பாதி பாத்தியம்' என்று மட்டும் எழுதிவிட்டு, மோட்டார் எந்தக் கிழமை யாருக்கு, மின் இணைப்பு எண் என்ன, வண்டித்தடம் எத்தனை அடி என்பதையெல்லாம் விட்டுவிட்டால், அண்ணனும் தம்பியும் முதல் கோடையிலேயே ஆளுக்கொரு வக்கீல் வைத்துவிடுவார்கள்.