சூதாட்டக் காட்சிக்கு எந்த ரூலெட் சக்கரம்?

சூதாட்ட விடுதியில் நடக்கும் தொடர் அத்தியாயத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது ரூலெட் சக்கரம், அதாவது பந்து எந்த எண்ணின் குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் சுழல் சக்கரம். கதை மான்டே கார்லோவில் என்றால் ஒற்றைப் பூஜ்யம், 37 குழிகள். லாஸ் வேகாஸின் அமெரிக்க வகை என்றால் இரட்டைப் பூஜ்யம் (0, 00), 38 குழிகள்.

இரண்டிலும் ஒற்றை எண்ணுக்கு 35 மடங்குதான் கிடைக்கும். ஆனால் விடுதியின் சாதகம் (பந்தயப் பணத்தில் சராசரியாக விடுதிக்குப் போகும் பங்கு) முதலாவதில் 2.70%, இரண்டாவதில் 5.26%. கணக்கில் புலியாகக் காட்டப்படும் நாயகன் 0, 00, 1, 2, 3 என ஐந்தெண் பந்தயம் வைத்தால் பாத்திரமே பொய்த்துவிடும். அதில் மட்டும் சாதகம் 7.89%.

பெரிய தவறு நடப்பது படத்தொகுப்பில். தூரக் காட்சியை ஒரு சக்கரத்திலும் பந்து விழும் நெருக்கக் காட்சியை இன்னொன்றிலும் எடுத்துவிடுவார்கள். எண்களின் வரிசையே வேறு: ஒற்றைப் பூஜ்யத்தில் 17-க்கு இருபுறமும் 25, 34, இரட்டையில் 32, 5. பந்தயம் வைக்கும் மேசை விரிப்பில் 00 கட்டம் இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

பல பேர் விளையாடும் காட்சிக்கு அமெரிக்க மேசை வசதி. ஆளுக்கொரு நிறச் சில்லு என்பதால் யார் பந்தயம் எது என்று பார்வையாளருக்கு உடனே புரியும். பதற்றம் நீள வேண்டுமானால் மான்டே கார்லோவே நல்லது: சிவப்பு, கறுப்பு போன்ற சமப் பந்தயங்களில் பூஜ்யம் விழுந்தாலும் பாதிப் பணம் திரும்பும். தோற்றவன் எழுந்து போகாமல் இருக்க அந்தப் பாதி போதும்.